மலாக்காச் செட்டிகள்: மொழி மறந்தும் சமயம் மறவாத ஒரு கரையோரச் சமூகம்

மலாயா என்பது யாழ்ப்பாணத்து வீடுகளில் ஒரு காலத்தில் அன்றாடம் புழங்கிய பெயர். பாட்டனாரோ பெரியப்பாவோ அங்கே புகையிரதப் பகுதியில் அல்லது அரசாங்கக் கந்தோரில் வேலை பார்த்து, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பி, கல்வீடு கட்டி, "மலாயன் பென்சனியர்" என்று பெயர் பெற்று வாழ்ந்த கதை நமது அங்கத்தவர் பலருடைய குடும்பங்களில் உண்டு. கோலாலம்பூர், சிரம்பான், ஈப்போ, தைப்பிங் என்ற பெயர்களைச் சாவகச்சேரி, சுன்னாகம் போலவே கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

ஆயினும் அந்த நாட்டின் மேற்குக் கரையிலே, நம்முடைய பாட்டன்மார் கப்பலேறுவதற்குச் சுமார் நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே தமிழ் வணிகர் குடியிருந்தார்கள் என்பதும், அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் சைவர்களாக அங்கே வாழ்கிறார்கள் என்பதும் நம்மில் பலர் அறியாத செய்தி. மலாக்காச் செட்டிகள் என்று அழைக்கப்படும் இச்சமூகத்தார் வீட்டிலே பேசுவது மலாய் மொழி. பெண்கள் உடுப்பது சாரோங்கும் கெபாயாவும். வாசலிலே கட்டுவது மாவிலைத் தோரணம். பூசையறையிலே இருப்பது பிள்ளையார். இந்த நான்கும் ஒரே வீட்டில் எவ்வாறு கூடின என்பதே இக்கட்டுரையின் பொருள். கடல் கடந்து வாழும் நமக்கு இது வெறும் பழங்கதை ஆகாது என்பதைப் பின்னர் காண்போம்.

காற்றுக்குக் காத்திருந்தவர்கள்

மலாக்கா 1400ஆம் ஆண்டளவில் பரமேசுவரன் என்னும் இளவரசனால் நிறுவப்பட்ட துறைமுகம். மலாய்த் தீபகற்பத்துக்கும் சுமாத்திராவுக்கும் இடையிலுள்ள நீரிணையின் ஒடுக்கமான பகுதியில் அது அமைந்திருந்தது. இந்தியாவிலிருந்து ஒரு பருவக்காற்றில் வரும் கப்பலும், சீனாவிலிருந்து மறு பருவக்காற்றில் வரும் கப்பலும் சந்திப்பதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் அந்தப் பக்கத்தில் இருக்கவில்லை. சோழமண்டலக் கரையிலிருந்து, பழவேற்காடு, நாகபட்டினம் முதலிய துறைகளிலிருந்து, தமிழ் வணிகர் துணிகளை ஏற்றிச் சென்றனர். பண்டாத் தீவுகளின் சாதிக்காய், மலுக்குத் தீவுகளின் கராம்பு, திமோரின் சந்தனம், உள்ளூர் வெள்ளீயம் என்பன திரும்பும் கப்பல்களில் வந்தன.

அக்காலத்து மலாக்கா எத்தகையது என்பதை அங்கே 1512 முதல் சில ஆண்டுகள் தங்கியிருந்த போர்த்துக்கேயரான தொமே பிரேஸ் எழுதி வைத்துள்ளார். அந்த நகரத்திலே 84 மொழிகள் பேசப்பட்டன என்பது அவர் கூற்று. வணிகர்களை மேற்பார்வை செய்யச் சுல்தானின் கீழ் நான்கு துறைமுக அதிகாரிகள் இருந்தனர். குசராத்தியருக்கு ஒருவர், சீனர், சம்பாவினர், ரியூக்கியூத் தீவினருக்கு ஒருவர், யாவா முதலிய கீழைத் தீவினருக்கு ஒருவர், தமிழ்க் கரையினர், வங்காளத்தவர், பெகு, பாசாய் என்ற இடத்தவர்களுக்கு ஒருவர். தமிழ்க் கரையினரை அங்கே "கெலிங்" என்றார்கள். கலிங்கம் என்ற பழம்பெயரின் திரிபே அது என்பர். பிற்காலத்தில் அச்சொல் இழிவான பொருளில் வழங்கத் தொடங்கியது வேறு கதை. அன்றைக்கு அது பெரு வணிகரைக் குறித்த பெயராகவே இருந்தது.

காற்று மாறும்வரை மாதக்கணக்கில் அங்கே தங்கவேண்டும். சரக்கைச் சேர்த்து வைக்க வீடும் களஞ்சியமும் வேண்டும். வீடென்று வந்தால் குடும்பமும் வந்துவிடும். கடல் தாண்டிப் பெண்கள் பயணம் செய்யாத காலம் அது. எனவே இவ்வணிகர் அங்கே உள்ள மலாய், யாவா, பத்தாக்கு, சீனப் பெண்களை மணந்தார்கள். அந்தக் குடும்பங்களே இன்றைய மலாக்காச் செட்டிகளின் மூலம்.

இங்கே ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. செட்டிகள் என்றதும் வட்டித்தொழில் செய்த நாட்டுக்கோட்டை நகரத்தாரை நினைக்கிறோம். அவர்கள் மலாயாவுக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டில். மலாக்காச் செட்டிகள் வேறு. இங்கே செட்டி என்பது வணிகர் என்ற பொருளில் வழங்கியது. அவர்களுடைய குடும்பப் பெயர்களில் பிள்ளை, நாயக்கர், படையாட்சி என்பனவும் உண்டு. ஊரிலே கலந்திருக்கமாட்டாத குடிகள் அங்கே ஒரே சமூகமாகிவிட்டன என்பதற்கு இப்பெயர்களே சாட்சி.

ஆட்சிகள் மாறியபோது

1511ஆம் ஆண்டில் அல்புகேர்க்கின் தலைமையில் போர்த்துக்கேயர் மலாக்காவைக் கைப்பற்றினர். அந்த வரலாற்றில் ஒரு தமிழ் வணிகரின் பெயர் வருகிறது. போர்த்துக்கேயர் அவரை "நீனா சத்து" என்று எழுதினர். நயினா செட்டி என்பதன் திரிபு என்று கருதுவோர் உளர். 1509இல் சுல்தானால் சிறைபிடிக்கப்பட்ட போர்த்துக்கேயருக்கு அவர் உதவி செய்தார். அதற்குப் பிரதியாக வெற்றியின் பின்னர் அவர் பெண்டஹாரா என்ற உயர்பதவியில் அமர்த்தப்பட்டார். 1514இல், அப்பதவியை இழக்கும் நிலையில் இறந்தார். அவர் செய்தது வணிகனின் விவேகமா, வந்தவனோடு சேர்ந்த குற்றமா என்று இன்று நாம் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. ஆனால் விளைவைச் சொல்லலாம். முஸ்லிம் வணிகர் பலர் மலாக்காவை விட்டு வேறு துறைகளுக்குப் போயினர். அங்கேயே நின்ற தமிழ் வணிகருக்கு முதலில் இலாபம் இருந்தது. பின்னர் போர்த்துக்கேயரின் வரியும் ஏகபோகமும் துறைமுகத்தையே மெலியச் செய்தபோது அவர்களும் மெலிந்தனர்.

1613இல் எரேடியா என்பவர் வரைந்த மலாக்காப் படத்திலே, கோட்டைக்கு எதிர்க்கரையில், "கம்பொன் செலிம்" என்று ஓர் இடம் குறிக்கப்பட்டிருக்கிறது. அதாவது கம்போங் கெலிங், தமிழர் வாழ்ந்த பகுதி. அக்காலத்தில் அவர்கள் நகரத்து மக்களே.

1641இல் ஒல்லாந்தர் வந்தனர். இலங்கைக் கரைகளில் போர்த்துக்கேயரோடு போரிட்டுக்கொண்டிருந்த அதே ஒல்லாந்தக் கும்பனிதான். ஒல்லாந்தருக்குப் பத்தாவியாவே தலைநகர். மலாக்கா இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி மலாக்கா பிரித்தானியர் கைக்கு நிலையாக வந்தபோது சிங்கப்பூர் தலையெடுத்துவிட்டது. கப்பல்கள் அங்கே போயின. மலாக்காத் துறையில் மண் சேர்ந்தது.

வணிகம் போனபின் செட்டிகள் நகரத்தை விட்டு வடபுறத்திலுள்ள காஜா பேராங் என்ற பகுதிக்குப் பெயர்ந்தனர். கப்பற்காரர் பயிர்ச்செய்கைக்காரர் ஆயினர். பின்னர் வந்தவர்களிலே சிலர் சிறு உத்தியோகங்களைத் தேடிக்கொண்டனர். கப்பல் இல்லாத வணிகனுக்குத் தாய்நாட்டோடு என்ன தொடர்பு இருக்கும்? கடிதமும் நின்றது. உறவும் நின்றது.

பொய்யாத விநாயகர்

இந்தத் தாழ்வுக்கு முன்னரே அவர்கள் ஒரு காரியம் செய்து வைத்தார்கள். 1781ஆம் ஆண்டில் அச்சமூகத்தின் தலைவராயிருந்த தெய்வநாயகம் செட்டி ஒல்லாந்தரிடமிருந்து ஒரு நிலத்தைப் பெற்றார். அதிலே எழுந்தது ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி கோயில். மலேசியாவில் இன்றும் பூசை நடைபெறும் இந்துக் கோயில்களுள் மிகப் பழையவற்றுள் அது ஒன்று. கோயில் இருக்கும் தெருவின் பெயர் பொற்கொல்லர் தெரு என்ற பொருள் தரும். அதே தெருவில் 1748இல் அமைந்த கெலிங் பள்ளிவாசல் இருக்கிறது. சற்று அப்பால் 17ஆம் நூற்றாண்டுச் சீனக் கோயில். மூன்று சமயத்தாரும் ஒருவரையொருவர் இடறாமல் நடந்துகொண்ட தெரு அது.

கம்போங் செட்டி என்று வழங்கும் அவர்களுடைய கிராமத்தில் 1822இல் முத்துமாரியம்மன் கோயில் எழுந்தது. சிவனுக்கும் காளிக்கும் அங்காளம்மனுக்கும் கோயில்கள் அமைந்தன. செல்வம் குறைந்து கொண்டே வந்த காலத்தில் இத்தனை கோயில்களைக் கட்டியவர்களின் மனநிலையை எண்ணிப் பார்க்கவேண்டும். வணிகம் பிள்ளைகளுக்குப் போய்ச் சேராது என்று தெரிந்தபின், போய்ச் சேரக்கூடியதைக் கல்லிலும் காணியிலும் வைத்தார்கள்.

பொய்யாத விநாயகர் கோயிலின் நிருவாகம் 1962இல் நகரத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டது. உரிமை செட்டிச் சமூகத்திடமே நின்றது. நாளாந்தப் பூசையை நடத்துவோர் வேறு, காணியின் உரிமையாளர் வேறு என்ற இந்த ஏற்பாடு, வருவாய் சுருங்கிய ஒரு சிறு சமூகம் தன் சொத்தைக் கைவிடாமற் காத்த வழி. கோயில் நிருவாகத்தில் அனுபவமுள்ள நமது அங்கத்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

வீடும் உடையும்

செட்டி வீடுகளுக்குத் திண்ணை உண்டு. அந்தச் சொல்லும் அப்படியே உண்டு. வாசல் நிலையின் மேலே மாவிலை தொங்கும். மலாய்க் கிராமத்து வீடுகளுக்கும் இதற்கும் வழிப்போக்கன் காணும் முதல் வேறுபாடு அந்த மாவிலைதான். உள்ளே போனால் சுவாமிக்குரிய இடம். விநாயகர், முருகன், அம்மன் படங்கள். அவற்றின் அருகே மறைந்துபோன பெரியோரின் படங்கள்.

வீட்டிலே பாட்டியை "நேனேக்" என்பார்கள். பிள்ளைகள் பெரியோரின் கையைப் பற்றி முத்தமிட்டு வணங்குவது அவர்கள் வழக்கம். மலாய் வழக்கமும் அதுவே. தீபாவளியன்று விடியற்காலையில் எண்ணெய் தேய்த்து முழுகுவார்கள். அது தமிழ் வழக்கம். இரண்டும் ஒரே காலைப்பொழுதில், ஒரே பாட்டியின் முன்னிலையில் நடக்கும்.

பெண்கள் சாரோங் உடுத்து, கெபாயா அணிந்து, அதனைக் கெரோசாங் என்னும் ஊசிகளாற் பூட்டுவார்கள். கொண்டையிலே ஊசிகள் செருகுவார்கள். ஆண்கள் சடங்கு நாட்களில் தலையில் அணிவது "தலப்பா". தலைப்பா என்ற நம் சொல் மறுகரையில் சிறிது தேய்ந்து நிற்கிறது.

அடுக்களை

அவர்களுடைய அடுக்களையிலே செலவுச் சரக்கு நம்முடையது. கைப்பக்குவம் மலாய்ப் பெண்களுடையது. மல்லி, சீரகம், மஞ்சள் ஒருபுறம். செர்ரை, லெங்குவாஸ், புளி, பிளாச்சான் என்னும் இறால் கட்டி மறுபுறம். தேங்காய்ப்பால் இரண்டுக்கும் பொது. யாழ்ப்பாணத்தவருக்கும் மலாய்க்காரருக்கும் தேங்காய் விடயத்தில் அபிப்பிராய பேதம் கிடையாது.

கடற்கரைச் சமூகமாதலால் மீன் முக்கியம். பாராங் என்னும் மீனைப் புளியிட்டுச் சமைக்கும் பிண்டாங் பெயர் பெற்றது. தேங்காய்ப்பாலில் வேகும் நாசி லெமாக் சோறு படையலிலும் இடம்பெறும். பாசிப்பயறும் தேங்காயும் இனிப்பும் சேர்த்து எண்ணெயிற் பொரித்தெடுக்கும் ஒரு பலகாரம் உண்டு. பெயர் கண்டாஸ் கஸ்தூரி. பார்த்தவுடன் நமக்குச் சுசியம் நினைவுக்கு வரும்.

இத்தனை கலப்பிலும் ஒரு விதி கலையவில்லை. மாட்டிறைச்சி அந்த அடுக்களைக்குள் வருவதில்லை. சுற்றிலும் அதைச் சமைக்கும் அயலவர், அவர்களிடம் கற்ற சமையல், அவர்களுடைய மொழியிலே சமையற் குறிப்பு. இருந்தும் அந்த ஒன்றை மட்டும் நீக்கி மற்றெல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார்கள். எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று தீர்மானித்தவர்கள் அடுக்களையில் நின்ற பெண்களே.

பர்ச்சு என்னும் படையல்

செட்டிக் குடும்ப வாழ்வின் நடுநாயகமானது "பர்ச்சு". அது மூதாதையருக்குச் செய்யும் படையல். ஆண்டுக்கு இரண்டு முறை நடைபெறும்.

முதலாவது தைப்பொங்கலுக்கு முதல்நாள், போகியன்று. அதற்கு முன்னரே குடும்பத்தார் மயானத்துக்குச் சென்று முன்னோரின் கல்லறைகளைத் துப்புரவு செய்வார்கள். அவர்கள் இறந்தோரைப் புதைக்கும் வழக்கமுடையவர்கள். போகி மாலையில் வாழையிலை விரித்து, மறைந்தவர்கள் உயிரோடிருந்த காலத்தில் எவற்றை விரும்பி உண்டார்களோ அவற்றையெல்லாம் சமைத்துப் படைப்பார்கள். சோறு, மீன், கறி, சம்பல், பலகாரம். விளக்கேற்றிச் சாம்பிராணி காட்டி, வயதிற் பெரியவர் முதலாக வணங்குவார்கள். பின்னரே குடும்பம் அமர்ந்து உண்ணும். சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ வேலைக்குப் போனவர்கள் அன்றைக்கு ஊர் திரும்புவார்கள். மறுநாள் பொங்கல்.

இரண்டாவது படையல் யூன், யூலை மாதங்களில், பழங்கள் பழுக்கும் காலத்தில். துரியான், மங்குஸ்தான், ரம்புத்தான் முதலியவற்றைத் தாம் சுவைக்கு முன்னர் முன்னோருக்குப் படைப்பது இதன் நோக்கம். தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் துரியானைக் கண்டிருக்கமாட்டார்கள். ஆனால் முதற் பழம் முன்னோருக்கு என்ற நியதியைக் கொண்டு போயிருந்தார்கள். நிலம் எந்தப் பழத்தைத் தந்ததோ அதை அந்த நியதிக்குள் வைத்தார்கள்.

யாழ்ப்பாணத்தவராகிய நாம் போகியைப் பெரிதாகக் கொள்வதில்லை. நமக்கு மாளயமும் ஆடியமாவாசையும் திவசமும் உண்டு. எனினும் ஒரு வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். நம்முடைய பிதிர்க் கடன்கள் பெரும்பாலும் ஐயரை அழைத்து, அவர் சொல்லும் மந்திரத்தோடு நிறைவேறுவன. பர்ச்சு குடும்பத்தாராலேயே செய்யப்படுவது. குருக்கள் கிடைக்காத ஊரிலும் காலத்திலும் அது நின்றுபோகாமைக்கு இதுவே காரணம் எனலாம்.

டத்தோ சாச்சார்

முத்துமாரியம்மனுக்கு சித்திரை, வைகாசி அளவில் பத்து நாள் திருவிழா. கொடியேற்றம், பால்குடம், காவடி, தேர் எல்லாம் உண்டு. மலாய் மொழியில் அத்திருவிழாவை "செம்பாயாங் டத்தோ சாச்சார்" என்பார்கள். செம்பாயாங் என்றால் வழிபாடு. சாச்சார் என்றால் அம்மை நோய். டத்தோ என்பது மூத்தோருக்கும் தெய்வங்களுக்கும் வழங்கும் மரியாதைச் சொல்.

நமது ஊரிலும் கொப்பளிப்பான் வந்தால் நோயின் பெயரைச் சொல்லாமல் "அம்மாள் வருத்தம்" என்கிறோம். வேப்பிலை கட்டுகிறோம். கடலுக்கு அப்பால், தமிழை மறந்துபோன ஒரு மக்கள், அதே தெய்வத்தை அதே நோயின் பெயரால், அதே பயபக்தியோடு வேறு மொழியில் அழைக்கின்றனர். பெரியம்மை உலகத்திலிருந்து ஒழிந்துவிட்டதென 1980இல் அறிவிக்கப்பட்டது. திருவிழா நிற்கவில்லை. நோய்க்குப் பயந்து தொடங்கிய வழிபாடு, ஊர் கூடும் நாளாக நிலைத்துவிட்டது.

கல்யாணத்திலும் இத்தகைய இணைப்பைக் காணலாம். நிச்சயதார்த்தத்தைப் "பர்சம்" என்பார்கள். நமது பரிசம் என்ற சொல்லே அது. அதன்பின் பெரினாய் என்னும் மருதோன்றி இடும் சடங்கு. அது மலாய் வழக்கம். முடிவிலே கழுத்தில் ஏறுவது தாலி.

மொழி போனது எவ்வாறு?

இச்சமூகத்தின் கதையைக் கேட்ட தமிழர் வழமையாக ஒரு கேள்வி கேட்பதுண்டு: "இவ்வளவும் காத்தவர்கள் தமிழை ஏன் விட்டார்கள்?" கேள்வி நியாயமானதே. ஆனால் விட்டார்கள் என்பதிலும் பார்க்க, விடுபட்டுப் போயிற்று என்பதே பொருந்தும்.

தாய்மாரின் மொழி மலாய். துறைமுகத்தின் பொதுமொழியும் மலாய். தமிழ் தகப்பன்மாரின் கணக்குப் புத்தகத்திலும் கப்பலிலும் இருந்தது. கப்பல் நின்றபோது அதற்கு இருந்த தேவையும் நின்றது. தமிழ் சொல்லிக்கொடுக்கப் பாடசாலை இருக்கவில்லை. ஊரிலிருந்து புதிய மணமக்கள் வரவில்லை.

அதே நகரத்திலுள்ள இன்னொரு சமூகத்தோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். போர்த்துக்கேயருக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்த வழியினர் கிறிஸ்தாங் என்னும் மொழியைப் பேசி வந்தனர். அது போர்த்துக்கேயத்தை அடியாகக் கொண்டது. அவர்களுடைய தாய்மாரும் போர்த்துக்கேயரல்லர். ஆனால் 130 ஆண்டுகள் அரசாட்சி அந்த மொழியில் நடந்தது. தேவாலயமும் அந்த மொழியை ஆதரித்தது. செட்டிகளுக்கு அரசாட்சியும் இல்லை, பாடசாலையும் இல்லை. கோயில் இருந்தது. கோயிலிலே தமிழ் கேட்டது. ஆனால் கேட்கும் மொழி பேசும் மொழியாவதற்கு வீட்டிலே இன்னொருவர் வேண்டும்.

எஞ்சிய தமிழ்ச் சொற்கள் எவை என்று பார்த்தால் ஒரு முறைமை தெரிகிறது. திண்ணை, தலப்பா, பொங்கல், போகி, பர்சம், தாலி, மாலை. இவற்றிற் பல சடங்கோடும் வீட்டு வாசலோடும் சேர்ந்தவை. கையால் செய்கிற காரியத்தோடு ஒட்டிக்கொண்ட சொல் தப்பியது. காரியத்தோடு ஒட்டாத சொல் போய்விட்டது.

மலாய் மொழிக்கு அவர்கள் செய்த பணியையும் சொல்லவேண்டும். பாந்துன் என்னும் நாலடிப் பாட்டிலும், டொண்டாங் சாயாங் என்னும் எதிர்ப்பாட்டுக் கலையிலும் செட்டிகள் வல்லவர்கள். 2018இல் யுனெஸ்கோ நிறுவனம் டொண்டாங் சாயாங்கை மானுடத்தின் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தபோது, அதனைப் பேணிவரும் மலாக்காவின் நான்கு சமூகங்களுள் ஒன்றாகச் செட்டிகளையும் குறிப்பிட்டது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோட்டங்களுக்கும், புகையிரதப் பாதைகளுக்கும், கந்தோர்களுக்கும் வந்த தமிழர் இவர்களைக் கண்டபோது தம்மவராக எளிதில் ஏற்கவில்லை. தமிழ் பேசாதவர் எப்படித் தமிழராவார் என்றனர். மலாய்க்காரருக்கோ இவர்கள் இந்துக்கள். பாபா நியோன்யா என்னும் சீனக் கலப்பினரின் வீடுகளும் சமையலும் உலகப் புகழ் பெற்றபோது, அவர்களுக்கு அயலிலே வாழ்ந்த செட்டிகளைக் கவனிப்பார் இல்லை.

இன்றைய நிலை

மலாக்காவில் இன்று வாழும் செட்டிகளின் தொகை மிகச் சிறியது. இளைஞர் தொழில் தேடிக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போயினர். பிற சமூகங்களில் மணம் செய்தோரும் பலர். 2008இல் மலாக்கா நகரம் உலக மரபுரிமைத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் 2013ஆம் ஆண்டளவில் செட்டிக் கிராமத்தை ஒட்டி உயர்மாடிக் கட்டடங்கள் எழுப்பும் திட்டம் வந்தபோது, கிராமத்தவர்கள் எழுந்து நின்று குரல் கொடுக்கவேண்டி நேர்ந்தது.

நல்ல செய்திகளும் உண்டு. கிராமத்திலே அவர்களுடைய பொருட்களை வைத்து ஒரு சிறு நூதனசாலை அமைந்துள்ளது. சிங்கப்பூரில் வாழ்வோர் தமக்கென ஒரு சங்கம் அமைத்துள்ளனர். அங்குள்ள இந்திய மரபுடைமை நிலையம் 2018இல் இச்சமூகத்தைப் பற்றி ஒரு கண்காட்சி நடத்தியது. பாட்டிமாரின் சமையற் குறிப்புகளும் பழைய படங்களும் பெட்டிகளிலிருந்து வெளியே வந்தன.

நாம் எண்ணவேண்டியது

நமது நிலை அவர்களுடையதற்கு நேர்மாறானது என்று சிலர் கூறலாம். நாம் குடும்பத்தோடு வந்தோம். தாயும் தகப்பனும் தமிழ் பேசுகிறோம். தொலைபேசியும் விமானமும் இருக்கின்றன. ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடக்கிறது. எல்லாம் உண்மையே. ஆனாலும் நமது மண்டபத்தில் பூசை முடிந்து பிரசாதம் வாங்கும் வரிசையில் பிள்ளைகள் தங்களுக்குள் எந்த மொழியிற் கதைக்கிறார்கள் என்பதைக் கவனித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அவர்களுக்கு 400 ஆண்டுகளில் நடந்தது நமக்கு 40 ஆண்டுகளில் நடக்கக்கூடும்.

மொழிக்காகச் செய்யவேண்டியவற்றைச் செய்வோம். அதிலே சோர்வு கூடாது. ஆனால் செட்டிகளின் வரலாறு இன்னொன்றையும் கேட்கச் செய்கிறது. நம்முடைய வீடுகளிலே, ஐயரும் இல்லாமல், மண்டபமும் இல்லாமல், பிள்ளைகள் தாங்களாகவே செய்யத் தெரிந்த சடங்கு எது? தைப்பொங்கலை இப்போது பலர் கோயிலிலேயே முடித்துக்கொள்கிறோம். அடுக்குமாடியில் புகை எழுந்தால் அபாயமணி அடிக்கும் என்பது உண்மைதான். மின்னடுப்பில் பொங்கினாலும் பால் பொங்கத்தான் செய்யும். ஆடிப்பிறப்புக்குக் கூழ் காய்ச்சுவதும், விளக்கீட்டுக்கு வாசலில் விளக்கு வைப்பதும், பாட்டனார் இறந்த திதியில் அவர் விரும்பிய கறியைச் சமைத்து ஓர் இலையில் வைத்து அவருடைய பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்வதும் எந்த நாட்டுச் சட்டத்துக்கும் விரோதமல்ல.

அதற்கு முதற்படியாக ஒரு சிறு வேண்டுகோள். ஒவ்வொரு குடும்பமும் ஒரு கொப்பியிலே தங்கள் பாட்டன் பாட்டி, பூட்டன் பூட்டி ஆகியோரின் பெயர், ஊர், குலதெய்வக் கோயில், அவர்கள் மறைந்த மாதம், திதி, வீட்டிலே வழமையாகச் செய்யும் படையலில் வைக்கும் பண்டங்கள் ஆகியவற்றை எழுதி வைத்தல் வேண்டும். தமிழில் எழுதுக, பக்கத்திலே பிள்ளைகள் படிக்கும் மொழியிலும் எழுதுக. எழுதக்கூடியவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்களிற் பலர் எண்பதைத் தாண்டியவர்கள்.

மலேசியாவுக்கு யாத்திரை போகும் அங்கத்தவர்கள் பத்துமலையோடு திரும்பிவிடாமல் மலாக்காவுக்கும் ஒரு நாள் ஒதுக்குவார்களாக. பொய்யாத விநாயகரை வணங்கி, காஜா பேராங் கிராமத்துக்கும் போய் வாருங்கள். அங்கே உங்களோடு மலாயிலோ ஆங்கிலத்திலோ பேசும் பெரியவரிடம் தமிழ் தெரியாதா என்று கேட்டுவிடாதீர்கள். வாசலில் உள்ள மாவிலையைப் பாருங்கள். கைகூப்பி வணக்கம் சொல்லுங்கள். அந்தச் சைகை அவர்களுக்கு விளங்கும்.

விநாயகப் பெருமான் அவர்களையும் நம்மையும் காத்தருள்வாராக.